தஞ்சமென வந்த வாயில்லாச் சீவன்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே பேசுவோர் சமயம், மொழி, கல்வி என்னும் பெரும் பொருள்களை எடுத்துப் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு நொண்டி நாய். சிலர் சிரிக்கிறீர்கள், சிரிக்கலாம். ஆனால் அந்த நாயின் கதையைச் சொல்லி முடிக்கும்போது சமயத்தைப் பற்றியும் பேசியிருப்போம் என்பது நமது நம்பிக்கை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் மார்கழி மாதம். திருவெம்பாவைப் பூசைக்காக நம் வாலிபர் சிலர் விடியற்காலையில் பல்லேகல வீதியால் நடந்து கோவிலுக்குச் செல்வது வழக்கம். தும்பறைப் பள்ளத்தாக்கின் மார்கழிப் பனி உங்களுக்குத் தெரியும். அந்தப் பனியிலே வீதியோரக் கானுக்குள் ஒரு நாய் கிடந்தது. வாகனம் ஒன்று அதன் இடுப்பில் ஏறிப் போயிருக்கிறது. பின்னங்கால்கள் இரண்டும் துணி போலத் துவண்டு கிடந்தன. நாம் என்ன செய்தோம்? "பாவம்" என்று சொன்னோம், கோவிலுக்குப் போனோம். திரும்பி வரும்போது கையிலே பிரசாதம் இருந்தது. அப்பொழுதும் "பாவம்" என்று சொன்னோம், வீட்டுக்குப் போனோம். இரண்டாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் நம்மில் இளையவன் ஒருவன் குனிந்து பார்த்தான். அதன் கழுத்தைச் சுற்றி மயிர் தேய்ந்து ஒரு வளையம் போலத் தெரிந்தது. அது கட்டாக்காலி நாய் அன்று. யாரோ ஒருவர் கழுத்துப் பட்டி கட்டிச் சோறிட்டு வளர்த்த நாய். கால் போன பின்பு பட்டியைக் கழற்றிக்கொண்டு நாயைக் கானிலே விட்டிருக்கிறார்கள். பட்டி பெறுமதி உடையது. நாய் பெறுமதி அற்றது என்று எண்ணினார்கள் போலும். அவர்களை நாம் இங்கே ஏச வரவில்லை. அவர்கள் ஒரு முறை கைவிட்டார்கள். பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கடந்து போன நாமோ நான்கு முறை கைவிட்டோம்.

சாக்கு ஒன்றிலே கிடத்தி, முச்சக்கர வண்டியில் ஏற்றி, மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். வைத்தியர் பரிசோதித்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். முள்ளந்தண்டு முறிந்துவிட்டது; பின்னங்கால்கள் இனி வழங்கா; சிறுநீரும் தானாகக் கழியாது. வலியின்றி உயிரை முடித்துவிடலாம். அல்லது உயிர் உள்ளவரை ஒருவர் பார்க்க வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, "யார் பொறுப்பு?" என்று கேட்டார். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "எங்கள் சங்கம்" என்றோம். அவர் சிரித்துவிட்டு, "சங்கத்துக்குக் கை கிடையாதே தம்பி, காலை ஆறு மணிக்கு யாருடைய கை வரும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

ஏழு வாலிபர் பெயர் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஏழு நாள், ஆளுக்கு ஒரு நாள். மண்டபத்தின் பின்புறத்தில் ஒரு கொட்டில் போட்டோம். நாய்க்குப் பைரவன் என்று பெயர் வைத்தோம்.

அதன் பிறகுதான் சங்கக் கூட்டத்திலே விவாதம் எழுந்தது. பெரியோர் சிலர் கேட்ட கேள்விகள் வீண் கேள்விகள் அல்ல. அவற்றுக்கு விடை சொல்லாமல் "சீவகாருண்யம், சீவகாருண்யம்" என்று முழங்குவது பேதைமை. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது கேள்வி ஆசாரம் பற்றியது. நாய் அசுத்தமான பிராணியாயிற்றே, கோவிற் காரியம் செய்யும் பிள்ளைகள் அதைத் தொடலாமா என்று கேட்டார்கள். பைரவக் கடவுளின் வாகனம் நாய் என்பதை யாவரும் அறிவோம். அதனினும் பெரிய விடை மகாபாரதத்திலே இருக்கிறது. அந்த இதிகாசத்தின் முகப்பில் ஒரு நாய் வருகிறது; முடிவிலும் ஒரு நாய் வருகிறது. சனமேசயனும் தம்பியரும் குருட்சேத்திரத்தில் வேள்வி செய்தபோது, தேவலோகத்துப் பெண் நாயாகிய சரமையின் குட்டி அங்கே போயிற்று. வேள்வியின் ஆசாரம் கெடுமென்று தம்பியர் அதை அடித்துத் துரத்தினர். குட்டி தாயிடம் அழுதுகொண்டு ஓடி, தான் அவிப்பொருளை நக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை என்று சொல்லிற்று. சரமை வேள்விச் சாலைக்கே வந்து, குற்றம் செய்யாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்டாள். மன்னர் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்து சூழட்டும் என்று அவள் சபித்துவிட்டுப் போனாள். ஆசாரத்தைக் காக்க ஒரு குட்டியை அடித்தவர்கள் அந்த வேள்வியாலே நிம்மதி அடையவில்லை.

முடிவிலே வரும் நாயை அறியாதார் இல்லை. மனைவியும் தம்பியரும் வழியிலே வீழ்ந்த பின், தருமபுத்திரருக்குத் துணையாக மிஞ்சியது ஒரு நாய். இந்திரன் தேர் கொண்டுவந்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்றான். அண்டி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் எனக்கு வேண்டாம் என்று தருமர் மறுத்தார். அந்த நாயே தரும தேவதை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: அது தருமதேவதை என்று தெரிந்த பின் அவர் அதைக் காக்கவில்லை, வெறும் நாயென்று எண்ணியபோதே காத்தார்.

ஆயினும் கோவில் ஆசாரத்தை மீற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பைரவன் கோவில் வாசலை மிதித்ததில்லை. அவனைப் பார்த்த வாலிபர் குளித்து, உடை மாற்றியே உள்ளே போனார்கள். ஆசாரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். அதற்காக ஓர் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி நோய் பற்றியது. விசர்நாய்க்கடி கொடிய நோய். குணம் கண்ட பின் உயிர் தப்புவது மிக மிக அரிது. ஆகவே அச்சம் நியாயமானதே. ஆனால் அச்சத்துக்கு மருந்து உண்டு. 1885ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலே லூயி பாஸ்டர் என்னும் அறிஞர், விசர்நாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தடுப்பு மருந்தேற்றிக் காப்பாற்றினார். நமது நாட்டிலோ 1893ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் வீதி நாய்களைப் பிடித்துக் கொன்றே நோயை ஒழிக்க முயன்றார்கள். அப்படியிருந்தும் 1973ஆம் ஆண்டிலே 300க்கும் மேற்பட்ட மக்கள் இந்நோயால் மாண்டார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் வேலை பரவிய பின்னரே அந்தத் தொகை சில பத்துகளாகக் குறைந்தது. 2006ஆம் ஆண்டில் நாய்களைக் கொல்லாமைக் கொள்கையை அரசாங்கம் மேற்கொண்டது. கண்டியிலே சம்பா பெர்னாண்டோ அம்மையார் முன்னின்று நடத்திய மிருகநலச் சங்கமும், கொலையன்று, தடுப்பூசியும் கருத்தடையுமே வழி என்பதை ஊர் ஊராகச் செய்து காட்டிற்று.

ஆகவே பைரவனுக்கு முதலில் தடுப்பூசி ஏற்றினோம். ஆண்டு தோறும் ஏற்றினோம். கருத்தடையும் செய்வித்தோம். எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை வாலிபர் யாவருக்கும் படிப்பித்தோம். முன்பு இவ்வூரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மூன்றாவது கேள்வி: இவ்வளவு துன்பப்படும் சீவனை முடித்துவிடுவதே கருணையல்லவா? இதற்கு ஒரே விடை கிடையாது. தாங்க முடியாத வலி இருந்து, மருந்துக்கும் அடங்காமல், சீவன் உணவையும் தண்ணீரையும் வெறுத்துவிட்டால், வைத்தியர் கையால் அமைதியாக முடிப்பது பாவமன்று என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அது சீவனின் வலியைக் கண்டு எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். நம்முடைய அலுப்பைக் கண்டு எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. பைரவன் ஒரு வாரத்துக்குள் தலை நிமிர்ந்தான். கருவாட்டுச் சோற்றின் மணம் வந்தால் முன்னங்கால்களால் உடலை இழுத்துக்கொண்டு வந்தான். தனக்குக் கால் இல்லை என்ற துக்கம் அவனிடம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தத் துக்கம் நமக்கே இருந்தது.

பின்னவல யானைகள் சரணாலயத்துக்குப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கண்டியிலிருந்து கேகாலைப் பக்கம் போகும்போது வரும் அந்த இடம், தாயை இழந்த யானைக் கன்றுகளுக்காக 1975ஆம் ஆண்டில் அமைந்தது. அங்கே சாமா என்றொரு பெண் யானை. யுத்த காலத்தில் கன்றாக இருந்தபோது கண்ணிவெடியில் மிதித்து முன்கால் ஒன்றின் பாதத்தை இழந்தவள். இத்தனை பெரிய உடம்பை மூன்று கால்களில் தாங்கிக்கொண்டு ஆண்டாண்டு காலம் மந்தையோடு வாழ்ந்தாள். கண் பார்வையை இழந்த ராஜா என்ற கொம்பனையும் அங்கே பராமரித்தார்கள். தாய்லாந்திலே மோதலா என்ற யானை 1999ஆம் ஆண்டில் கண்ணிவெடியால் காலை இழந்தபோது, அங்குள்ள யானை ஆஸ்பத்திரி பத்தாண்டு அவளைப் பார்த்து, 2009ஆம் ஆண்டில் பொய்க்கால் பொருத்திற்று. யுத்தம் மனிதர் மூட்டியது. வெடி மனிதர் புதைத்தது. வெடி வைத்த கையினத்திலே மருந்து வைத்த கையும் உண்டு என்பதே நமக்கு ஆறுதல்.

இந்த நாட்டுக்கு இது புதிய தருமமும் அன்று. அனுராதபுரத்தை ஆண்ட புத்ததாசன் என்ற மன்னன், வயிற்றிலே கட்டி வந்து துன்புற்ற பாம்புக்குத் தன் கையாலே சத்திர சிகிச்சை செய்தான் என்றும், யானை குதிரைகளுக்கு வைத்தியரை நியமித்தான் என்றும் சூளவம்சம் சொல்கிறது. நம் தமிழ் மன்னன் எல்லாளன் படுக்கைத் தலைமாட்டிலே ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான். தன் மகனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசு அந்த மணியை அடித்து நீதி பெற்றது என்று மகாவம்சமே புகழ்கிறது. இதே கதையைத் திருவாரூரில் மனுநீதிச் சோழன் மேல் வைத்துச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடினார். மதுரையிலே தாயை இழந்த பன்றிக் குட்டிகளுக்குச் சோமசுந்தரக் கடவுளே தாய்ப் பன்றியாக வந்து பால் கொடுத்ததைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் ஒரு படலமாகவே பாடியிருக்கிறார். பன்றியாக வரக் கடவுள் கூசவில்லை. கொட்டிலுக்குள் போக நமக்கேன் கூச்சம்?

நான்காவது கேள்வியே மிகவும் வலியது. "மனிதர் பட்டினி கிடக்க நாய்க்கா செலவு?" 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே அரிசிக்கும் மருந்துக்கும் நாம் பட்ட பாட்டை மறக்க முடியாது. வளர்த்த நாயை வீதியில் விட்டவர்களும் அக்காலத்தில் உண்டு. ஆகவே இக்கேள்வியைத் தட்டிவிட மாட்டோம். நடந்ததை மட்டும் சொல்லுகிறோம்.

பைரவனுக்கு ஒரு வண்டி செய்தோம். பீ.வீ.சீ. குழாய், பழைய குழந்தை வண்டிச் சில்லு இரண்டு, இடுப்பைத் தாங்க மெத்தென்ற துணிப் பட்டி. இவ்வளவே. அந்த வண்டியோடு அவன் மண்டபத்துப் படி ஏற முடியவில்லை. அதற்காகப் பலகை அடித்து ஒரு சாய்வு வழி போட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாரிசவாதத்தால் ஒரு பக்கம் வழங்காமற் போன நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் அந்தச் சாய்வு வழியாலே சக்கர நாற்காலியில் மண்டபத்துக்குள் வந்தார். நான்கு ஆண்டுகளாக அவர் கூட்டத்துக்கு வரவில்லை. உடல்நலக் குறைவு என்றே நாம் எண்ணியிருந்தோம். உண்மையிலே அவரைத் தடுத்தவை நான்கு படிகள். உள்ளே வந்ததும், "தம்பிமாரே, நாய்க்கு நன்றி சொல்லுங்கோ" என்றார்.

அன்பர்களே, அன்று நாம் வெட்கித் தலை குனிந்தோம். மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டிலேயே 28ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் வந்துவிட்டது. நம் மண்டபத்துக்கு அது வந்து சேரவில்லை. ஒரு நாய் வந்த பிறகே வந்தது. மனிதருக்குச் செய்ய வேண்டியதை நாயைக் காட்டி மறுப்பவர் பெரும்பாலும் இரண்டுக்கும் செய்வதில்லை. ஒன்றுக்குச் செய்து பழகிய கை மற்றதற்கும் நீளும்.

இனி, இப்படியொரு சீவனை வீட்டில் ஏற்க விரும்புவோருக்குச் சில சொல்ல வேண்டும். பின்னங்கால் வழங்காத நாயின் அடிவயிற்றை இரு கைகளாலும் மெல்ல அழுத்திச் சிறுநீரைக் கழிக்க வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு முறை. இதை வைத்தியர் காட்டித் தந்த பின்னரே செய்க. ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப் புண் வரும். சில மணிக்கு ஒருமுறை புரட்டிப் போடுக. மெத்தென்ற படுக்கை விரிக்க. நனைந்த உடலைக் கழுவித் துவாயால் துடைக்காவிட்டால் தோல் வெந்துவிடும்; ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். வண்டியில் சிறிது நேரமே விடுக. நாள் முழுதும் பூட்டி வைப்பது தண்டனை. உடல் பருக்க விடலாகாது. வெங்காயம், உள்ளி சேர்த்த கறியும் சொக்கலேற்றும் நாய்க்கு நஞ்சு. சொறி வந்த நாய்க்குக் கழிவு ஒயில் பூசும் வழக்கம் நம்மூரில் உண்டு. அது தோலை எரித்து, நக்கும்போது வயிற்றையும் கெடுக்கும். குருட்டு நாயுள்ள வீட்டில் கதிரை மேசையை இடம் மாற்றாதீர்கள். தொடுமுன் குரல் கொடுங்கள். செவிட்டு நாய்க்குக் கைச் சைகை பழக்கலாம். பின்னால் வந்து திடீரெனத் தொடலாகாது. மூன்று கால் நாய்க்கோ பெரிய உதவி தேவையில்லை. சில வாரங்களில் அது தானாகவே ஓடக் கற்றுக்கொள்ளும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் நமக்கு அயலிலே இருப்பது கண்டி மக்களின் பாக்கியம், கேட்டறிய வெட்கப்படலாகாது.

எல்லாவற்றுக்கும் முன்னே கணக்குப் பார்க்க வேண்டும். இரக்கம் ஒரு நிமிடத்தில் வரும். நாயோ பத்தாண்டு இருக்கும். நம் வாலிபர் ஒருவர் பைரவனைக் கண்டு உருகிக் கண் தெரியாத பூனைக் குட்டி ஒன்றைக் கொண்டு போனார். வீட்டாரைக் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். இரண்டாம் முறை கைவிடப்பட்ட அந்தக் குட்டி ஒரு வாரம் உணவு தொடவில்லை. ஏற்க முடியாவிட்டால் "முடியாது" என்று சொல்லுவதும் அறமே. ஏற்பவருக்கு வண்டிக் கூலி கொடுக்கலாம். ஒரு பிடி சோறு கொடுக்கலாம்.

இறுதியாக ஒன்றைச் சொல்லாமல் இறங்கினால் நாம் பொய்யராவோம். பைரவன் இப்போது இல்லை. நம்மிடம் இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் இருந்தான். முதலாம் ஆண்டு ஆவணியில் சங்கத்து வாலிபர் ஒருவருக்குக் கலியாணம். அந்தச் சந்தடியிலே இரண்டு நாள் முறை தவறிப் போயிற்று. "அவன் பார்த்திருப்பான்" என்று இவன் எண்ணினான். "இவன் பார்த்திருப்பான்" என்று அவன் எண்ணினான். மூன்றாம் நாள் போனபோது பைரவன் காய்ச்சலில் கிடந்தான். கழியாத சிறுநீரில் கிருமி பற்றிவிட்டது. மருந்து கொடுத்துத் தேற்றினோம். ஆனால் அந்த நோய் திரும்பத் திரும்ப வந்து, சென்ற சித்திரையிலே சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. முள்ளந்தண்டு முறிந்த நாய்களுக்கு இது பெரும்பாலும் வருவதுதான் என்று வைத்தியர் ஆறுதல் சொன்னார். அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. நாம் நம்மைக் குறை சொல்லிக்கொள்கிறோம். மறுநாள் முதல் கொட்டிலின் கதவிலே ஒரு கொப்பி கட்டித் தொங்கவிட்டோம். வந்தவர் நேரத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதன் பின் ஒரு வேளையும் தவறவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளைத் திருப்பி எழுதக் கொப்பி இல்லை.

அவனிடம் நாம் கற்றது இதுவே: அன்பு என்பது உருகுவதில் மட்டும் இல்லை, நேரம் தவறாமையில் இருக்கிறது. சிறந்த பக்தனும் மாதத்துக்கு ஒரு நாள் அழுது தொழுபவன் அல்லன். நாள் தோறும் விளக்கேற்றுபவன். நொண்டி நாய்க்கு ஆறு மணிக்கு எழும்பிப் பழகியவன் நோயாளித் தாய்க்கும் எழும்புவான்.

1907ஆம் ஆண்டிலே எழுந்த மிருகவதைத் தடைச் சட்டம் மிருகத்தை வதைத்தவருக்கு விதித்த உச்ச அபராதம் 100 ரூபா. சட்டத்தால் மட்டும் கானில் கிடந்த நாய் எழும்பாது. ஆகவே வாலிபர்களிடம் மூன்று வேண்டுகோள். ஆண்டு தோறும் தைப்பொங்கலுக்குப் பின்வரும் வாரத்தில், மிருக வைத்தியரை அழைத்து ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றுவிப்போம். கொட்டிலை இடிக்காமல் அடுத்து வரும் சீவனுக்காக வைத்திருப்போம். கொப்பியும் கதவிலே தொங்கட்டும். கோவிலுக்குப் போகும் வழியிலே கானில் எது கிடந்தாலும் முதல் நாளே குனிந்து பார்ப்போம்.

பெரியோர்களிடம் ஒரே வேண்டுகோள். ஒரு பிள்ளை நொண்டிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலிலே நின்றால், ஏசித் துரத்திவிடாதீர்கள். அந்த வைத்தியர் கேட்டதையே கேளுங்கள்: "காலை ஆறு மணிக்கு யாருடைய கை வரும்?" அவன் தன் கையைக் காட்டினால், வழிவிடுங்கள்.

எல்லா உயிரிலும் நிறைந்த இறைவன் அந்தக் கையை நமக்குத் தந்தருள்வானாக.